பேச்சு நின்ற மெஷின்

“உயிர் இருக்கு. கூப்பிட்டா பதில்தான் வரல” என்றாள் மலர்க்கொடி. குரல் உடைந்திருந்தது.

“கொஞ்ச நேரம் முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?” என்றான் பக்கத்தில் இருந்த கலீம்.

பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரி இல்லை. திருச்சியில் ஒரு கல்லூரி லேப், செய்முறைத் தேர்வு. கம்ப்யூட்டருக்குள்ளேயே வெறும் சாஃப்ட்வேரால் இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குத் தனி அட்ரஸ் கொடுத்து, லேப் நெட்வொர்க்கில் விட வேண்டும். அது சர்வரைக் கூப்பிட்டு, சர்வர் பதில் சொன்னால் பாஸ்.

எக்ஸ்டர்னலாக வந்திருந்த பெனடிக்ட் சார் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். “அட்ரஸோட கடைசி நம்பர் உங்க ரோல் நம்பரா இருக்கணும். ஒரு நம்பருக்கு ஒரு மெஷின்தான் பேசும். பக்கத்துல எட்டிப் பாத்தா, எந்திரிச்சு வெளிய போயிட வேண்டியதுதான்.”

முதலில் முடித்தது மலர்க்கொடிதான். சர்வரிடமிருந்து பதில் வரிசையாக வந்துகொண்டிருந்தது. “கொஞ்சம் தள்ளி உக்காரேன், மறைக்குது” என்று கலீம் கிசுகிசுத்தபோது, பாவம் என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

சார் அவள் வரிசைக்கு வருவதற்குள் பதில் நின்றுபோயிற்று.

போன தடவை மஞ்சள் காமாலையில் படுத்துக்கொண்டதால் விட்டுப்போன பேப்பர் இது, அவளுடைய ஒரே அரியர். சென்னைக் கம்பெனி ஒன்று வேலை கொடுத்துவிட்டது. அரியர் இல்லாத மார்க் ஷீட்டோடு வரச் சொல்லியிருந்தது. சாயங்காலம் சூட்கேஸ் வாங்கித் தர, வையம்பட்டியிலிருந்து அப்பா வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குக் கோட்டை விட்டால் அடுத்த தேர்வு நவம்பரில்தான். வேலை அதுவரை வாசலில் நின்றுகொண்டா இருக்கும்?

செட்டிங்கைப் பார்த்தாள், சரி. அட்ரஸைப் பார்த்தாள், சரி. மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டாள். சோதனைக்காக, அது குடியிருக்கும் நிஜக் கம்ப்யூட்டரின் அட்ரஸைக் கடன் வாங்கிக் கூப்பிட வைத்தாள். உடனே பதில் வந்தது. சொந்த அட்ரஸுக்கு மாற்றினால் மறுபடி மௌனம். கேள்வித்தாள் கேட்பதோ சொந்த அட்ரஸை.

“உனக்கு வந்துருச்சா?” என்றாள்.

“வந்துருச்சு” என்றான் கலீம், திரையைப் பார்த்தபடி. அவனுக்கே சங்கடமாக இருந்தது. அவள் இல்லாவிட்டால் எந்தப் பேப்பரும் தேறியிருக்காது அவனுக்கு.

பெனடிக்ட் சார் வந்து நின்றார். “என்னம்மா, பதில் வரலையா?”

“இப்பதான் வந்துச்சு சார். நான் எதையும் மாத்தல.”

“எல்லாரும் சொல்றதுதாம்மா இது.”

“நிஜமா சார். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கிறேன்.”

கூப்பிட்டாள். ‘டைம்டு அவுட்’ என்றது திரை. இன்னொரு தடவையும் அதையே சொன்னது.

“ஸ்கிரீன்ல இல்லாததுக்கு நான் எப்படிம்மா மார்க் போட முடியும்?” சார் கெட்டவர் இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் பேனா மூடியைக் கழற்றினார்.

மலர்க்கொடி கையை மடியில் வைத்துக்கொண்டாள். என்ன தப்பு செய்தோம் என்று தெரிந்தாலாவது மனசு ஆறும். அதுகூடத் தெரியாமல் தோற்பது அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணீர் கீபோர்டில் விழுந்தது.

அதைப் பார்த்ததும் கலீமுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டான்.

“சார், அவ மேல தப்பு இருக்கவே முடியாது சார். அவ போட்ட அட்ரஸை ஒரு நம்பர்கூட மாத்தாம அப்படியே போட்டேன், எனக்கு வருதே.”