எண்ணெய் சேர்த்த தீவனம்

செருப்பைக் கழற்றும்போதே அவன் பேசத் தொடங்கிவிட்டான்.

மதியம்தான் முடிவு வந்திருந்தது. சாப்பிடக்கூட நிற்காமல் பண்ணையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். முதலில் அவளிடம் சொல்ல வேண்டும்.

நாகேஸ்வரி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

தூங்கவில்லை. கணவனின் குரல் கேட்டதும் இந்தப் பக்கம் திரும்பினாள்.

ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் லோகநாதனுக்குத் தீவனப் பிரிவு. மழை விட்டதிலிருந்து பெட்டை ஆடுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வளர்த்தான். ஒன்றுக்கு வழக்கமான தீவனம். மற்றதற்கு அதே தீவனத்தில் ஆளி விதை எண்ணெய்.

கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பார்கள். எண்ணெய் தின்ற ஆடுகளுக்கு அந்த ஹார்மோன் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். கருவைக் கலையாமல் பிடித்துவைக்கிற ஹார்மோன். உடம்பு அதைக் கொழுப்பிலிருந்துதான் செய்துகொள்கிறது என்று அவளுக்கு விளக்கியிருக்கிறான்.

புரோஜெஸ்டிரோன்.

பெயர் அவளுக்குப் பழக்கம்தான். அந்த ஊசியை இடுப்பில் போட்டுப் போட்டு மரத்துப்போயிருந்தது. இரண்டு முறையும் கரு தங்கவில்லை.

இந்த முறை நாள் தள்ளியதும் லோகநாதன் ஆளி விதை வாங்கிவந்தான். தானே வறுத்தான். தானே பொடித்தான். இட்லிக்கும் சோற்றுக்கும் தொட்டுக்கொள்ள வைத்தான்.

எதற்கென்று அவள் கேட்கவில்லை. தொண்டையில் ஒட்டிக்கொள்கிற பொடி. ஒரு வேளையும் விடாமல் தின்றாள்.

இப்போது அவன் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனான். எண்ணெய்க் கூட்டத்தில் ஹார்மோன் நன்றாகக் கூடியிருக்கிறதாம். ஸ்கேன் செய்ததில், ஒன்றைத் தவிர எல்லாமே சினையாம்.

"அதும் எண்ணெ தின்னதுதானுங்களா?"

ஆமாம் என்றான். நல்ல ஆடு. தொட்டியில் பருக்கை மிச்சம் வைக்காது. ஹார்மோனிலும் குறைவில்லை. போன ஸ்கேனில் குட்டி தெரிந்தது. இன்றைக்கு இல்லை. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. காலையில் அவள் கட்டியிருந்த புடவை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

தண்ணீர் சிவந்திருந்தது.

அவளைப் பார்த்தான். அவள் கண்களை விலக்கவில்லை.

எப்போது என்று கேட்டான். அவன் வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் என்றாள். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம். எல்லாம் தானாகவே வெளியே வந்துவிட்டதாம். இனிப் படுத்திருந்தால் போதுமாம்.

தனக்கு ஏன் ஃபோன் செய்யவில்லை என்று அவன் கேட்டான்.

முடிவு வருகிற நாள் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவள் பாதத்தின் மேல் கையை வைத்தான். ஜில்லென்றிருந்தது.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அவனுடைய அம்மா. கொஞ்ச காலமாக அம்மா கூப்பிட்டால் வாசலுக்குப் போய்த்தான் பேசுகிறான். தாழ்ந்த குரலில் பேசினாலும், அவனுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சு நாகேஸ்வரியின் காதில் விழுந்திருக்கிறது.

இன்றைக்கு அவன் எழுந்து போகவில்லை. ஃபோன் அடித்து ஓய்ந்தது.

தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ஆட்ட என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

கரு தங்காத ஆட்டைப் பண்ணையில் வைத்துக்கொள்வதில்லை. கழித்து, ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கழித்ததற்கு அடையாளமாக முதுகில் நீல மை பூச வேண்டும். இன்றைக்குப் பூசியவன் அவன்தான். சோப்புப் போட்டும் நகக்கண்ணில் மிச்சம் இருந்தது.

கையை எடுத்து விரல்களை மடக்கிக்கொண்டான்.

"மந்தையிலயேதான் இருக்கும், கண்ணு."

அவள் அந்த மடக்கிய கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு சுவரோரமாக நகர்ந்து, பாயில் அவனுக்கு இடம் விட்டாள்.