கேட்பாரற்ற உடல்

சாலைக்குச் சரளைக்கல், அலுவலகத்துக்கு ஆறு நாற்காலி. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிறிய மாவட்டம் ஒன்றின் தலைவர் வெர்னன் ஹெட்லண்ட், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தது, ஆஸ்பத்திரியில கிடக்கற அனாதைப் பிணம் சார். எரிக்க நாமதான் பணம் கட்டணும். விவரம் இந்தக் கவர்ல இருக்கு," என்றாள் செயலாளர் மார்லீன்.

"சொந்தம்னு ஒருத்தருமா இல்ல?"

"அப்பா இருக்காராம். ஆஸ்பத்திரியிலேருந்து ஏழு தடவை கூப்பிட்டும் போனை எடுக்கலையாம்."

"த்தூ! பெத்தவனா அவன்?"

எரிச்சலோடு உறையைக் கிழித்துத் தாளை எடுத்தார் வெர்னன்.

இறந்தவர் பெயர்: டிராவிஸ் ஹெட்லண்ட்.

தான் வீட்டைவிட்டுத் துரத்திய மகன்தான் பணம் கேட்டுக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, புது எண்ணிலிருந்து வந்த அழைப்புகளையெல்லாம் அவர் துண்டித்திருந்தார்.

மார்லீன் அடுத்த தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"எம் பையன எங்க வெச்சிருக்காங்கம்மா?"