பாத்திக்குள் ஒரு லில்லி

"அந்த லில்லியப் பிடுங்கிப் போட்டுடுங்க."

தலைமை நர்ஸ் சொன்னது காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவளுக்குத் தொழில் தோட்டம் போடுவது. அந்த இல்லத்து நர்ஸுகள் அவளுக்குப் 'பாத்தி மேடம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். இனி மருந்து கேட்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்ட நோயாளிகள், கடைசி நாட்களை வலி தெரியாமல் கழிக்க வருகிற இடம் அது. எல்லா அறைக்கும் பின்பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அதற்கு வெளியே கிடந்த வெற்று மண்ணில்தான் அவள் பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடி வைப்பது அவளுக்கு ஆகாது. ஒரே செடியைக் கூட்டமாக நட்டு, வளைந்து நெளிந்து ஓடவிட்டு, அடுத்த கூட்டத்தோடு கலக்கவிடுவாள். இந்த ஓரம் நித்தியகல்யாணி, நடுவில் நீல சால்வியா, அந்த ஓரம் காற்றுக்கு அசைகிற புல். தள்ளி நின்று பார்த்தால் அலை அடிப்பது போல இருக்கும்.

தலைமை நர்ஸ் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வருஷம் முழுக்கப் பூக்கிற செடிதான் வேண்டும், சீசனுக்குப் பூக்கிறது எதுவும் கூடாது. நியாயம்தானே என்றுதான் அவளும் இருந்தாள், இந்த லில்லி விவகாரம் வரும்வரை.

கடைசி அறையில் இருந்த அம்மாளின் கணவர், வீட்டிலிருந்து ஒரு லில்லிக் கிழங்கைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேர் கீழே நட்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, மழை விட்ட கையோடு பூக்கிற ஜாதி. இப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது. தினமும் வேலை முடிந்ததும் நேரே இங்கேதான் வருவார். வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். இது பூக்கிற அன்றைக்கு வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம்.

"பாவம் சிஸ்டர், ஒரே ஒரு செடி. இருந்துட்டுப் போகட்டுமே."

"மழைக்கு இன்னும் எத்தன மாசம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அந்தம்மாவுக்கு அவ்வளவு நாள் கிடையாது. காத்திருக்கச் சொல்ற செடி இந்தத் தோட்டத்துல வேண்டாம்."

"அவருக்கு அது ஒரு நம்பிக்கைதானே?"

"பிடுங்கிடுங்க மேடம்."

தலைமை நர்ஸ் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாவைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளத்தில் போகிறவன் கையிலிருக்கும் துரும்பைக்கூடப் பிடுங்கச் சொல்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கிழங்கைத் தோண்டி எடுத்தாள். எறியத்தான் மனசு வரவில்லை. சால்வியாக் கூட்டத்துக்கு நட்டநடுவே, வராந்தாவில் நடக்கிறவர்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நட்டுவிட்டாள். கூட்டத்துக்குள் ஒற்றைச் செடி வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் அவள். அன்றைக்குத் தன் விதியைத் தானே மீறினாள்.

சாயங்காலம் வந்த கணவரை ஓரமாகக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ பெரிய புண்ணியம் செய்துவிட்ட நிறைவோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

சில வாரம் கழித்து, செடிகளுக்கு நுனி கிள்ளிவிட வந்தாள். பாத்தி பூத்துக் குலுங்கியது. இதுவரை அவள் போட்டதிலேயே இதுதான் அழகு என்று சத்தியம் செய்யலாம்.

கணவர் சால்வியாவுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஈரத்துணியால் லில்லி இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், இன்னொரு இலை விட்டிருக்கிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி சொன்னார். தலையை நிமிர்த்தி ஜன்னல் பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

அந்த ஜன்னலிலிருந்து மெலிந்த கை ஒன்று அவளைக் கூப்பிட்டது.

உள்ளே போனாள். கட்டிலில் அந்த அம்மாள் எலும்பும் தோலுமாக இருந்தார். பக்கத்தில் வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி. அதில் கணவரின் பைதான் உட்கார்ந்திருந்தது.

"பாத்தி மேடம் நீங்கதானா? தோட்டம் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். மூச்சு வாங்கியது. "அந்த நீலத்துக்கு நடுவுல ஒண்ணு மட்டும் தனியா நிக்குதே, அது எப்படி வந்துச்சு?"

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சிஸ்டர் பிடுங்கச் சொன்னாங்கம்மா. எனக்கு மனசு கேக்கல. அவங்களுக்குத் தெரியாம நான்தான் மறைவா நட்டு வெச்சேன்."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே கணவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"சிஸ்டர் மேல தப்பு இல்லம்மா. என் பேர் வெளிய வராம அதப் பிடுங்கச் சொல்லுங்கன்னு நான்தான் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன்" என்றார். "இவரு தினமும் வந்ததுலேர்ந்து போறவரைக்கும் அதுகிட்டயேதான் உக்காந்திருக்காரு. அது இல்லாமப் போனா, இருக்கிற கொஞ்ச நாளாவது என் பக்கத்துல உக்காருவாருன்னு நெனச்சேன்."