பீரங்கிக் காதுகள்

பீரங்கிச் சத்தத்தில் காது போனதற்கு ஊனப் பென்ஷன் கேட்டு விண்ணப்பித்த மூன்று முன்னாள் பட்டாளத்துக்காரர்கள், திருவனந்தபுரத்தில் மருத்துவக் குழுவின் அறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதே பெஞ்சின் ஓரத்தில், ஹவில்தார் பூதலிங்கத்துக்குத் துணையாக வந்த அவர் மனைவி முத்தாரம்மாள்.

டாக்டர் ஹரிகுமாருக்கு எல்லோர் மேலும் சந்தேகம். பூனை மாதிரி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று, "சாவ்தான்!" என்று பட்டாளத்து அட்டென்ஷன் உத்தரவை அலறினார்.

பெஞ்சே காலியானது. மூன்று பேரும் விறைப்பாக நின்றார்கள்.

"காது கேக்காதாம். மூணும் ஏமாத்து, தட்டிப்பு கேஸ்," என்று பேனாவை எடுத்தார் டாக்டர்.

"இல்ல சாரே, இவியளுக்கு ஒண்ணும் கேக்காது," என்றாள் முத்தாரம்மாள். "பரேடுலயே பக்கத்து ஆளப் பாத்துத்தான் நிப்பாவளாம். ஒருத்தர் எழும்பினா மத்தவங்களும் எழும்பிருவாவ."

"அப்போ முதல்ல எழும்பின ஆளுக்குக் கேட்டிருக்கே. அது யாரு?"

முத்தாரம்மாள் தலை குனிந்துகொண்டாள். "நான் வெளிய நிக்கேன். இன்னொருக்கா சொல்லிப் பாருங்க."

அவள் போனதும் டாக்டர் மூவரையும் சைகையால் உட்காரவைத்து, பின்னால் நின்று முன்னைவிடப் பலமாக அலறினார்.

பூதலிங்கம் கொட்டாவி விட்டார். மற்ற இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவில் மட்டும் 'டப்' என்று ஒரு செருப்புச் சத்தம்.

டாக்டர் கதவைத் திறந்தார். முத்தாரம்மாள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவிய என்னக் காலையில எழுப்புறதே இப்படித்தான் சாரே," என்றாள் அசையாமல். "சீக்கிரம் விஷ்ராம் சொல்லுங்க. கால் வலிக்கு."