அக்காவின் கணினி

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளை மேசைமேல் கோடுகளாகக் கிடத்தியிருக்கிறது. நடுவே அக்காவின் பழைய மடிக்கணினி. உடைந்த மூலையில் தம்பி ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் உரியவில்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் செயலி ஒன்றை, ஊர்பேர் தெரியாத பலர் சேர்ந்து இலவசமாக எழுதுகிறார்கள். அதற்கு இந்தக் கணினியிலிருந்துதான் அவன் மூன்று வருடம் நிரல் அனுப்பினான். அனுப்பியதெல்லாம் கணினியில் ஏற்கெனவே இருந்த அக்கா பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். இப்போது அவன் இல்லை. “எனக்கு ஒரு வரிகூட எழுதத் தெரியாதுங்க. அவன் பேரைப் போட்டுடுங்க” என்கிறாள் அக்கா. எதிரே உட்கார்ந்திருக்கும், செயலியைப் பராமரிப்பவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே மறுபடி துடைக்கிறார். “முன்பக்கத்துல நன்றின்னு போடலாம்மா. உள்ள பதிஞ்சதுல கை வெச்சா, அதுக்கு மேல கட்டினது மொத்தமும் கலைஞ்சிடும். ஆயிரம் பேர்கிட்ட இதோட பிரதி இருக்கு, அதெல்லாமும் மாறணும்.” “அவங்ககிட்ட சொல்லிப் பாருங்களேன்.” “யார் யாருன்னே தெரியாதும்மா.” கணினி மெல்ல மணியடிக்கிறது. யாரோ ஒருத்தி அக்காவுக்கு எழுதியிருக்கிறாள்: ‘உங்களால அப்பா இன்னிக்கு மெயில்ல வந்த லெட்டரை அவரே படிச்சிட்டார்.’ அக்கா பதிலில் தம்பியின் பெயரை மட்டும் தட்டி அனுப்புகிறாள். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலேயே, கணினி அவள் பெயரைப் போட்டுக்கொள்கிறது.