கூடுள்ள மரங்கள்

நகரத்துக்கு நடுவே மிஞ்சியிருந்த அந்தச் சதுப்புக்காட்டை ஞாயிறுதோறும் சுத்தம் செய்துவந்த தன்னார்வக் குழுவுக்குப் பதினோரு வருடமாக அமலோற்பவம்தான் தலைவி. ஆள் வரத்து குறைந்துபோன சமயத்தில் லோகநாத் தானாக வந்து சேர்ந்தான். இடுப்பளவு சேற்றில் இறங்கி, அலுத்துக்கொள்ளாமல் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டான். "நாரை எந்த மரத்துலக்கா கூடு கட்டும்?" என்று அவன் கேட்டதும் அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஒற்றையடிப் பாதையில் அழைத்துப்போய் ஒன்பது நீர்க்கடம்பு மரங்களையும் காட்டினாள். ஒவ்வொன்றின் அடிமரத்தையும் அவன் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு காலையில் அந்த ஒன்பது மரங்களில் மட்டும் சிவப்புப் பெயிண்டால் வளையம் போட்டிருந்தது. தொட்டாள், விரலில் ஒட்டியது. மேலே குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருந்தன.

காட்டின் வாசலுக்கு ஓடினாள். லோகநாத் நின்றிருந்தான். பின்னால் அவள் பார்த்தேயிராத நான்கு பேர், தோளில் நீளமான சாக்கு மூட்டைகளோடு; ஒன்றின் வாயில் ரம்பத்தின் பற்கள் தெரிந்தன.

"நம்ம ஆளுங்கதான்க்கா. கூடமாட உதவிக்கு வந்திருக்காங்க."

"இன்னிக்கு வேலை கிழக்குக் கரையிலப்பா" என்று பொய் சொல்லிவிட்டு, மரங்களுக்கு எதிர்த்திசையில் அவள் முன்னே நடந்தாள். இருபது அடி போன பிறகுதான் பின்னால் காலடிச் சத்தமே இல்லை என்பது உறைத்தது. திரும்பினாள்.

அவர்கள் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அவளிடம் வழி கேட்கவில்லை.