வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள்

"நிலாணி விலகமாட்டா. பிரவீனன் விலகமாட்டான். நடுவிலை கிடந்து சாகிறது நான்!"

ஸ்ரீஸ்கந்தராசா போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தார். இந்த மூன்று வாரத்தில் இது எத்தனையாவது எறி என்று எண்ணுவதை அவர் மனைவி தவமணி எப்போதோ விட்டுவிட்டாள்.

மாநகர சபைத் தேர்தல். இவர்களுடைய ஸ்காபரோ வட்டாரத்தில் நிலாணி, பிரவீனன் என்று தமிழர் இரண்டு பேர் நிற்கிறார்கள். இருவரும் நின்றால் வாக்கு உடையும், இப்போதைய கவுன்சிலர் அன்ட்ரூ காலாட்டிக்கொண்டே வெல்வார். வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குள் ஒருவர் சிற்றி ஹோலுக்கு, அதுதான் மாநகர சபைக்கு, போய்ப் போட்டியிலிருந்து பெயரை எடுக்கவேண்டும். அதற்குப் பிறகு யாரும் விலகவும் முடியாது, புதிதாக வரவும் முடியாது.

அன்ட்ரூ இனிமையான மனிதர்தான். டோர்செட் பார்க்கில் இவர்களுடைய அபார்ட்மென்ட் வாசலில் ஒரு சிக்னல் லைட் போடச் சொல்லி எட்டு வருடமாகக் கேட்கிறார்கள். எட்டு வருடமும் சிரித்தபடி "பார்ப்போம்" என்கிறார். போன மாரியில் அந்த இடத்தில்தான் ஒரு கார் தவமணியை அடித்துவிட்டுப் போனது. இன்னும் கைத்தடியோடுதான் பஸ்சுக்குப் போகிறாள்.

அதனால்தான் ஸ்ரீஸ்கந்தராசா ஒற்றுமைக் குழு தொடங்கினார். குழு என்றால் அவரும் அவருடைய போனும். கூட்டு ஒப்பந்தம்கூட எழுதினார். நிற்பவர் வென்றால் முதல் வேலை சிக்னல் லைட். விலகியவரின் ஆட்களுக்கும் அலுவலகத்தில் இடம்.

"ஓம் அங்கிள், நல்ல விசயம்" என்றார்கள் இருவரும். யார் விலகுவது என்று கேட்டதும் இருவருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

முதல் நாளே அவர் ஒரு காரியம் செய்திருந்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் நேரை கதைக்கக்கூடாது. கதைச்சா வாய் முத்தி, பேஸ்புக்கிலை போய் நாறும். எதெண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ, நான் மற்ற ஆளுக்குச் சொல்லுறன். வாக்குத் தாங்கோ."

கொடுத்தார்கள்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு பேரையும் இஞ்சை கூப்பிட்டு, தேத்தண்ணி குடுத்து இருத்திவிட்டா என்ன?" என்று தவமணி ஒருநாள் கேட்டாள்.

"உமக்கு அரசியல் விளங்காது. சும்மா இரும்."

வியாழக்கிழமை நிலாணி போன் எடுத்தாள்.

"அங்கிள், நான் பிரவீனனோடை ஒருக்கா..."

"வேண்டாம் பிள்ளை! அவன் சரியான கோபத்திலை நிக்கிறான்."

பிரவீனன் கோபத்தில் இருக்கவில்லை. காலையில் அவனும் இதையேதான் கேட்டான். அவனுக்கு, நிலாணி கோபத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். பேச்சுவார்த்தை என்றால் கொஞ்சம் சூடு வேண்டும் என்பது அவர் கொள்கை.

வெள்ளிக்கிழமை விடிந்ததில் இருந்து இருவரின் போனும் வேலை செய்யவில்லை. பத்து மணிக்கு அடித்தார். பன்னிரண்டுக்கு அடித்தார். ஒன்றரைக்கும் அடித்தார்.

இரண்டு மணி ஆனது.

"முடிஞ்சுது! ரெண்டும் கதிரையை விடமாட்டுதுகள். உம்மடை காலைப் பற்றி ஆருக்குக் கவலை? உந்தச் சனம் உருப்படாது!"

ஆத்திரம் அடங்காமல், ஐந்நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டார்: 'பதவி ஆசையால் ஒற்றுமையைக் குலைத்த இந்த இருவரையும் எம் சமூகம் மன்னிக்காது.'

அனுப்பி ஐந்து நிமிடம் ஆகவில்லை. நிலாணி போன் எடுத்தாள்.

"அங்கிள், நான் விலகிட்டன். பன்னிரண்டு மணிக்கே கையெழுத்து வைச்சாச்சு. என்ரை ஆக்களுக்குத் தெரிஞ்சா மறிச்சுப்போடுவினம் எண்டுதான் போனை நிப்பாட்டி வைச்சனான். பிரவீனன் நிக்கட்டும். அன்ரி தடியோடை அந்த றோட்டைக் கடக்கிறதைப் பாக்கேலாமல் கிடக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தவமணி! வென்றிட்டம்! லைட் வரப்போகுது!"

தவமணி கைத்தடியை மறந்து எழும்பி வந்தாள். அவர் வாட்ஸ்அப்பில் போட்டதை அவசர அவசரமாக அழிக்கத் தேடும்போது போன் திரும்பவும் அடித்தது. பிரவீனன்.

"தம்பி! நீ குடுத்து வைச்சனி! நிலாணி உனக்காக..."

"அங்கிள், முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ஏசாதேங்கோ. ஒன்றே முக்காலுக்குப் போய் என்ரை பேரை எடுத்திட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சொன்னா என்ரை ஆக்கள் விடமாட்டினம். உந்த லைட்டுக்காக நிலாணி அக்கா எவ்வளவு அலைஞ்சவா. அவா நிண்டாத்தான் சரி."

ஸ்ரீஸ்கந்தராசா மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு பத்து.

அவ்வளவுதான், வெடித்துவிட்டார்.

"அறிவிருக்கோடா உங்களுக்கு? படிச்ச பிள்ளையள்தானே? மூண்டு வாரமாப் போன் இருந்தது, வாய் இருந்தது! விலகப்போறன் எண்டு ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு வசனம் கதைக்க ஏலாமல் போச்சோ?"

பிரவீனன் மெல்லச் சொன்னான்.

"கதைக்கமாட்டம் எண்டு உங்களுக்குத்தானே அங்கிள் வாக்குத் தந்தனாங்கள்."